மின்விசிறியை நிறுத்திய அறை

பாளையங்கோட்டை. சித்திரை. பகல் இரண்டு மணி.
மின்விசிறியை நிறுத்தியாகிவிட்டது.
அது சுழன்றால் பறந்துவிடும்
நான் தேடுகிற கடல்.

கறுப்புத் தட்டில் தூவிய சேற்றுப்பொடி
நுண்நோக்கிக்கடியில்
சிந்திய பொரியாய்ப் பரந்து கிடக்கிறது.
மூன்று மயிர் மிஞ்சிய தூரிகையை
நாக்கில் நனைக்கக் கூடாது,
எச்சிலிலும் உப்புண்டு.
காய்ச்சி வடித்த நீரில் தொட்டு
ஒன்றை எடுக்கிறேன்.

குமிழிகள் ஒட்டிக்கொண்ட கூடு.
ரவையில் பாதி இருக்கும்.
மேல்நீரில் சில வாரம் மிதந்தபடி
அன்றிருந்த தண்ணீரைக் கொண்டே
சுவரெழுப்பிக்கொண்ட உயிர்.
நீர் வெதுவெதுப்பென்றால்
கால்சியத்தின் வரிசையில்
மக்னீசியம் கூடுதலாக நுழைந்துகொள்ளும்.
குளிர்ந்தால் நுழைவது குறையும்.
செத்து, மூவாயிரம் அடி இறங்கி,
சேற்றில் புதைந்தது.
புதைந்ததை வெளியே எடுத்து
எண் கொடுத்திருக்கிறோம்:
உவரிக்குத் தென்கிழக்கே, ஏழாம் குழாய்,
இருநூற்றுப் பத்தாவது சென்டிமீட்டர்.
இருபத்தோராயிரம் வருஷம்.

அந்த வருஷத்தில் எங்கள் உவரிக்குக் கடற்கரை இல்லை.
கடல் நூற்றிருபது மீட்டர்
இறங்கிக் கிடந்தது.
அண்ணன் ததேயு இன்று வலை விடுகிற இடத்தில்
புல் இருந்திருக்கும்.
மான் மேய்ந்திருக்கலாம்;
அதற்கு என்னிடம் சான்றில்லை.

அறுபது கூடுகள். நொறுக்கி, கழுவி,
கூரியரில் வடக்கே அனுப்பினோம்.
அந்தக் கருவி இங்கே கிடையாது.
பதினெட்டாம் நாள் பதில் வந்தது:
முப்பத்தொன்று புள்ளி நான்கு டிகிரி.

உலகமே பனியில் விறைத்திருந்தபோது
எங்கள் கடல் மட்டும்
இன்றையதைவிடச் சூடா?
சண்முகவடிவு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.
"கித்தேரி, இது பெரிய விஷயம்டீ."
அன்றிரவே கட்டுரையின் முதல் மூன்று பத்தி எழுதினேன்.
மூன்றிலும் 'வியப்பூட்டும்' என்ற சொல் இருந்தது.

நான்காம் நாள்
மிச்சமிருந்த ஒரு கூட்டை உடைத்துப் பார்த்தேன்.
உள்ளறையில், மூலையில்,
பழுப்பாய் ஒரு பொட்டு.
களிமண்.

களிமண்ணிலும் மக்னீசியம் உண்டு.
கடல் சூடாக இல்லை.
நாங்கள் சரியாகக் கழுவவில்லை.
எந்த மலையிலிருந்து வந்த மண்ணோ.
தாமிரபரணி கொண்டுபோய்ச் சேர்த்ததாகவும் இருக்கலாம்,
கொக்கிரகுளத்தில் நான் தினம் பாலம் கடக்கிற
அதே ஆறு.
வடிவிடம் சொன்னபோது
அவள் நாற்காலியை மேசைக்கடியில் தள்ளிவிட்டு
தேநீர் குடிக்கப் போனாள்.
எனக்கும் ஒன்று வாங்கி வந்தாள். ஆறியிருந்தது.

மறுபடி முதலிலிருந்து.
இரண்டு கண்ணாடிச் சில்லுக்கிடையில் அமுக்கி
அறைகளைத் திறந்து,
அதிர்வுத் தொட்டியில், மெத்தனாலில்,
கடைசியாக நீர்த்த அமிலத்தில்.
அழுக்கோடு சுவரும் கரைகிறது.
எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நஷ்டம்.
எடுத்ததில் பாதிக்கு மேல்
வடிநீரோடு போயிற்று.
மிஞ்சியது ஒரு சிட்டிகைகூட இல்லை.

ஆடி பிறந்து பதில் வந்தது:
இருபத்தைந்து புள்ளி ஒன்பது.
ஒரு டிகிரி கூடலாம், குறையலாம்.
யாரும் எழுந்திருக்கவில்லை.
'வியப்பூட்டும்' மூன்றையும் அடித்தேன்.

அன்று சாயங்காலம் ததேயு கூப்பிட்டான்.
"ஏட்டி, தண்ணி ஐஸா கெடக்கு.
வலையிழுத்தா கை மரத்துப்போவுது.
ஒரு கூடை சாளை இல்ல.
ஒன் கணக்கு என்ன சொல்லுது?"
சொன்னேன்.
"இது என்னைக்கு உள்ளது?"
அதையும் சொன்னேன்.
கொஞ்ச நேரம் காற்றின் இரைச்சல் மட்டும் வந்தது.
பிறகு கேட்டான்:
"அப்பமும் கச்சான் அடிச்சுதா?"

மக்னீசியத்துக்கு அது தெரியாது.
மழை பெய்ததா, ஆறு வந்து கலந்ததா,
கடல் கரித்ததா என்பதை
கூட்டிலிருக்கும் ஆக்சிஜனிடம் கேட்க வேண்டும்,
கனத்தது எத்தனை, லேசானது எத்தனை என்று.
அதற்கும் அப்பால்தான் காற்று.
"பாத்துச் சொல்லுதேன்" என்றேன்.
"பைய பாரு. இன்னைக்கு நாங்க போவல" என்றான்.

புதிய தட்டில் சேற்றைத் தூவினேன்.
மின்விசிறி ஏற்கெனவே நின்றிருந்தது.
ஆனாலும் ஓரத்தில் இருந்த கூடுகள்
ஒன்றிரண்டு நகர்ந்தன.
மலைக்கணவாய் வழியே வந்து
வேப்பங்கிளையை ஆட்டிக்கொண்டிருந்தது கச்சான்.
எழுந்து போய்
ஜன்னலைச் சாத்தினேன்.